கொடுப்பதும் சேர்வதும்

அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கண்ணுக்கு வந்துவிடும். யாருக்குப் புரை, யாருக்கு ஊசி, யாருக்கு லென்ஸ் வைத்த பிறகும் மங்கல் என்று சுற்றி வந்து, கடைசியில் "மஞ்சள் கண்ணுக்கு நல்லதாமே, கீரையில் ஏதோ சத்து இருக்காமே" என்று என் பக்கம் திரும்புவார்கள். பார்மசி கல்லூரியில் மருந்து தயாரிப்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த வார்த்தை பாதி உண்மை. மீதிப் பாதியை நிதானமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

விழித்திரை ஓய்வறியாத இடம். எடைக்கு எடை பார்த்தால், உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் அது ஒன்று. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதன்மேல் வெளிச்சம் விழுகிறது. அங்குள்ள ஒளியுணர் செல்களின் சவ்வுகளில், மீன் எண்ணெயில் இருக்கிறதே டி.எச்.ஏ., அந்தக் கொழுப்பு நிறைந்திருக்கிறது. ஆக்சிஜன் தாக்கினால் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அது. இளமையில் உடம்பு இதையெல்லாம் சமாளித்துவிடும். வயது ஏற ஏறச் சமாளிப்பு தளரும். விழிலென்ஸின் கதை இன்னும் உருக்கமானது. அதன் நடுவில் உள்ள புரதம் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவானது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க உடம்பிடம் வழி கிடையாது. எழுபது வருடமானாலும் அதே புரதம்தான் தெளிவாக நின்றாக வேண்டும். அதைச் சூழ்ந்திருக்கும் கண்நீரில் வைட்டமின் சி, இரத்தத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய 20 மடங்கு இருக்கிறது என்று பாடத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு வியப்பு எழும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே காப்பையும் அதிகமாக வைத்திருக்கிறது இயற்கை.

நாள் முழுக்க வெயிலில் நிற்கும் செடிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அதனால் அவை தமக்கென்று சில பொருள்களைத் தயாரித்துக்கொள்கின்றன. லூட்டீன், ஸீயாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் அந்த வகை. வெங்காயத்தில் குவர்செட்டின், மஞ்சளில் குர்குமின், தேயிலையில் கேட்டச்சின்கள் என்று பட்டியல் நீளும். லூட்டீனை நம் உடம்பால் தயாரிக்க முடியாது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, முட்டை மஞ்சள்கரு என்று உணவிலிருந்துதான் வர வேண்டும். வந்ததை விழித்திரையின் நடுவே, கூர்ந்து பார்க்க உதவும் மாக்குலா என்ற சிறு இடத்தில் கண் சேமித்துவைக்கிறது. டாக்டர்கள் அதை மஞ்சள் புள்ளி என்பதும் இந்த நிறமியால்தான். மாத்திரைக்கான லூட்டீனைச் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாலைக்குப் போவது போக, இந்தச் சாற்றுக்காகவே ஒப்பந்தம் போட்டுச் செண்டுமல்லி பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள்.

சத்து இருக்கிறது. கண்ணுக்கு அது வேண்டியும் இருக்கிறது. நடுவில் இருப்பது வழி. என் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்த வழியைப் பற்றித்தான் பாடம் நடத்தினேன்.

குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். தண்ணீரில் கரையவே கரையாது. வலுக்கட்டாயமாகக் கரைத்தாலும், இரத்தத்தின் கார அமில நிலையில் வைத்த வெறும் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். வெளிச்சம் பட்டாலும் கெடும். விழுங்கினாலோ, குடலும் ஈரலும் சேர்ந்து அதை உடனே உருமாற்றி வெளியேற்றப் பார்க்கும். இரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பமும் கண்ணுக்குள் போக, இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்ட வேண்டும். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ஆட்சேபித்து 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. மஞ்சள் நம்முடையது என்று நிலைநாட்டியதில் எனக்கு இன்றும் பெருமை. அதைக் கண்ணின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு பெரிய வேலை. அது உரிமையால் முடிகிற காரியம் இல்லை.

சரி, நேராகக் கண்ணிலேயே விட்டால் என்ன? ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர். இமையை நன்றாக இழுத்துப் பிடித்தாலும் 30-க்கு மேல் கண் கொள்ளாது. மிச்சம் கன்னத்தில் வழியும். உள்ளே நின்றதையும் ஒவ்வொரு இமைப்பும் மூக்கின் பக்கம் உள்ள கண்ணீர்க் குழாய்க்குத் தள்ளிவிடும். சொட்டு விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அது இப்படிப் போன மருந்துதான். தங்கியதற்கும் கருவிழி என்ற தடை காத்திருக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் தடிமன். ஆனால் மேலடுக்கு கொழுப்பில் கரைவதைத்தான் விடும். நடு அடுக்கு தண்ணீரில் கரைவதைத்தான் விடும். இரண்டிலும் தேறி உள்ளே போவது பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. பின்னால் இருக்கும் விழித்திரைக்கு அதிலும் ஏதோ துளிதான் போகும். அதனால்தான் வயதாவதால் மாக்குலா கெடும் நோய்க்கு, தேவைப்பட்டால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கேட்டால் மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். கண் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்பார்கள். வைக்கோல் தூசு, அடுப்புப் புகை, பஸ் ஜன்னலில் அடிக்கும் மணல் இவ்வளவும் பட்டும் வாழ்நாள் முழுக்க அந்தக் கண் நமக்கு உழைக்கிறதென்றால், அதற்குக் காரணம் இந்தக் காவல்தான் என்பேன். மருந்தை மறிக்கிற அதே கதவுதான் நஞ்சையும் மறிக்கிறது. பிள்ளைகள் நம் சொல்லை உடனே ஏற்கவில்லை என்று மனம் நோகிற பெரியவர்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதைச் சொல்லத் தோன்றும். வருகிறவர் போகிறவர் சொல்வதையெல்லாம் உள்ளே விடாமல் காத்துக்கொள்கிற பிள்ளைதான் உலகத்தில் தப்பிக்கும். அந்தக் காவலை உடைத்துவிட்டு நல்லதைப் புகட்டுவது நல்லது செய்வதாகாது.

காவலை உடைக்காமல் உள்ளே போவது எப்படி என்ற கேள்விக்குத்தான் கொழுப்பு நானோ துகள்கள் ஒரு பதில். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பேப்ரஹாமில் அலெக் பாங்கம் 1960-களின் தொடக்கத்தில் லெசித்தினைத் தண்ணீரில் விட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அது தானாகவே சிறு சிறு பைகளாக உருண்டு நின்றது. லைப்போசோம் அப்படி வந்தது. 1990-களில் ஜெர்மனியில் ரெய்னர் முல்லரும் இத்தாலியில் மரியா ரோசா காஸ்கோவும் தனித்தனியே திடக் கொழுப்பில் துகள் செய்யும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கொரோனாவுக்குப் போட்டுக்கொண்ட ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருந்ததும் இந்தக் குடும்பத்துத் துகள்தான். கண்ணுக்கும் கொழுப்பு வழி புதிதல்ல. தண்ணீரில் எளிதில் கரையாத சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை ஆமணக்கெண்ணெயின் நுண்துளிகளில் ஏற்றி, கண் உலர்வு நோய்க்குச் சொட்டு மருந்தாக அமெரிக்காவில் 2002-ல் அனுமதித்தார்கள். நம் பாட்டிமார் கண்மைக்கு நாடிய அதே எண்ணெய், அளந்து, கிருமி நீக்கி, வேறு பக்குவத்தில்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். கூப்பிட்டாள் என்று ஒருநாள் அவள் ஆய்வகத்துக்குப் போனேன். மெழுகு போன்ற கிளிசரில் பிஹினேட்டை 80 டிகிரியில் உருக்கினாள். அதில் உள்ள பிஹினிக் அமிலம் முருங்கை விதை எண்ணெயிலும் இருக்கிறது. உருகிய கொழுப்பில் குர்குமினைப் போட்டதும் ஆரஞ்சு நிறத்தில் கரைந்தது. தண்ணீரில் அடம் பிடிக்கிற பொருள் அங்கே முனகாமல் அடங்கிவிட்டது. அதே சூட்டில் இருந்த, சோப்புத்தன்மையுள்ள பொருள் கலந்த தண்ணீரை ஊற்றி அதிவேகக் கலக்கியை ஓடவிட்டாள். பிறகு ஒலியலைக் கம்பியை உள்ளே இறக்கினாள். கெட்டியான மஞ்சள் பால் மெல்ல மெல்லத் தெளிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும் அளவுக்கு வந்தது. ஒவ்வொரு துகளும் 150 நானோமீட்டர் அளவுக்கு இருக்கும் என்றாள். தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் இப்படி ஐந்நூறு துகளை வரிசையாக நிறுத்தலாம்.

அடுத்து அவள் காட்டியதுதான் என்னை யோசிக்க வைத்தது. முதலில் செய்து அலமாரியில் வைத்திருந்த சீசாவை எடுத்தாள். அடியில் மஞ்சள் பொடியாகப் படிந்திருந்தது.

"ஏம்மா, கலவை பிரிந்துவிட்டதா?"

"இல்ல சார், கொழுப்பு ரொம்ப ஒழுங்காயிடுச்சு. ஆறின புதுசுல அதோட அடுக்கு கோணல்மாணலா இருக்கும், மருந்து இடுக்குல உட்கார்ந்துக்கும். நாளாக ஆக அடுக்கு நேராகி இறுகிடும். அப்புறம் மருந்துக்கு இடம் இல்ல. வெளிய தள்ளிடும்."

இதற்கு முல்லர் குழுவினர் பிறகு கண்ட தீர்வை அவளும் கையாண்டிருந்தாள். திடக் கொழுப்போடு கொஞ்சம் திரவ எண்ணெயையும் சேர்த்தே உருக்குவது. எண்ணெய் நடுவில் புகுந்து நிற்பதால் படிக அடுக்கு எப்போதும் குறையாகவே இருக்கும். அந்தக் குறையில்தான் மருந்து தங்கும். அப்படிச் செய்த இன்னொரு சீசா அதே வயதில், அடியில் படிவு இல்லாமல் இருந்தது.

என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். நேர்மை, நேரந்தவறாமை, கணக்கு எதிலும் ஒரு குறை சொல்ல முடியாத மனிதர். அவர் வீட்டில் செருப்பு வைக்கும் இடம், சாப்பிடும் நேரம், பேசும் அளவு எல்லாம் வரையறுத்தது. எங்கள் குடும்பத்தில் அவரளவுக்கு நல்லது தெரிந்தவர் யாரும் இல்லை. அவரிடமிருந்து நல்லதைப் பெற்றுக்கொண்டவர்களும் அதிகம் இல்லை. பெற்ற பிள்ளைகளே ஒவ்வொருவராக வெளியூருக்கு வேலை தேடிக்கொண்டு போனார்கள். பெரியம்மா அப்படி இல்லை. அவளிடம் ஒழுங்கு குறைவு, இடம் அதிகம். பரீட்சையில் தோற்றவன், வேலை போனவன், வீட்டில் சண்டை போட்டு வந்தவள் என்று யார் வந்தாலும் அவள் சமையற்கட்டில் நாலு நாள் தங்கலாம். பெரியப்பா சொல்ல நினைத்த புத்திமதிகளில் பாதி அவள் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. வயதாகிறவர்களுக்கு வருகிற இறுக்கத்தை நான் என்னிடமும் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் என் முறைதான் சரி என்று மனம் படிகமாக அடுக்கிக்கொண்டே போகிறது. கொஞ்சம் எண்ணெயை விட்டுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

துகளின் அளவிலும் இதே அக்கறை தெரிகிறது. 10 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். உறுத்தினால் கண்ணீர் பெருகும். பெருகினால் மருந்து அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணின் மேற்பரப்பில் உள்ள சளிப்பொருளுக்கு எதிர்மின்னேற்றம் என்பதால், துகளுக்குச் சற்றே நேர்மின்னேற்றம் கொடுத்தால் அது ஒட்டிக்கொண்டு கூடுதல் நேரம் நிற்கும். அளவு மீறினால் செல்களைக் காயப்படுத்தும். உள்ளே இருக்கும் மருந்தும் ஒரேயடியாகக் கொட்டாமல், மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்திக் கிருமி நீக்க வேண்டும். மருந்தை விட அதை வாங்கிக்கொள்ளப் போகிற கண்ணைப் பற்றித்தான் இத்தனை யோசனையும்.

கொடுக்கிற பொருள் நல்லதாக இருந்தால் அளவு பார்க்க வேண்டாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பின்லாந்தில் 29,133 ஆண்கள், அனைவரும் புகைப்பிடிப்பவர்கள், ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது. அவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. அதையே மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் காக்கப்படும் என்று நம்பினார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வையும் இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான். உணவில் வந்தபோது இந்தத் தீங்கைச் செய்யாதது, புகைபட்ட நுரையீரலில் பெரிய அளவில் வந்து விழுந்தபோது செய்தது. இந்த முடிவுகளை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தீங்கு தெரிந்ததால்தான் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் மாக்குலா நோய் பற்றி 2013-ல் வெளியிட்ட இரண்டாவது பெரிய ஆய்வில், முதல் ஆய்வின் மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதில் 10 மில்லிகிராம் லூட்டீன், 2 மில்லிகிராம் ஸீயாசாந்தின் என்று மாற்றிப் பார்த்தார்கள். அது பாதுகாப்பான மாற்று என்று தெரிந்தது. 2001-ல் வந்த முதல் ஆய்வில், மாக்குலா நோயின் நடுநிலையில் இருந்தவர்களுக்கு, வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை நோய் முற்றும் அபாயத்தை ஐந்தாண்டில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது. நோய் இல்லாதவருக்கு அது வராமல் தடுக்கும் என்றோ, புரையைக் கரைக்கும் என்றோ இரண்டு ஆய்வுகளும் சொல்லவில்லை.

நானோ துகளில் ஏற்றிய குர்குமின், குவர்செட்டின், லூட்டீன் சொட்டுகளைப் பற்றிய வேலைகளில் பெரும்பகுதி இன்று ஆய்வகத் தட்டுகளிலும், எலி, முயல் கண்களிலும்தான் நடக்கிறது. முயல் மணிக்கு ஒரு சில தடவைதான் கண் சிமிட்டும். நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டுகிறோம். முயலுக்கு மாக்குலாவும் கிடையாது. அங்கே தங்கியது இங்கே தங்குமா, பல வருடம் தினமும் விட்டால் கண் பொறுக்குமா என்பதை மனிதரிடம் பொறுமையாகப் பார்த்த பிறகுதான் அது மருந்தாகும். என் மாணவியின் ஆயுளில் அது நடக்கும் என்று முழுமனதாக நம்புகிறேன். அதற்கு முன்பே 'நானோ மஞ்சள்' என்று எழுதி, கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்று விற்கிறவர்களிடம் ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மஞ்சள் தண்ணீர், தேன், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் வீட்டில் கண்ணில் விடாதீர்கள். முன்னோர் சொன்னதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பூவில் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். வயலில் நெல் குத்திய கண்ணில் பச்சிலைச் சாற்றை விட்டுவிட்டுத் தாமதமாக வந்து, கருவிழி வெந்து வெளுத்துப்போன உழவர்களைக் கண் மருத்துவமனை வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தச் சாற்றை விட்டவர்கள் எல்லோரும் அவர்கள் மேல் அன்புள்ளவர்கள்தான்.

இன்றைக்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கீரையைக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமையுங்கள். கொழுப்பு கூட இருந்தால்தான் குடல் லூட்டீனை நன்றாக உறிஞ்சும். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள்; மாக்குலாவைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை ஒரு சொட்டு மட்டும் விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். படிக்கிற கண்ணாடி வேண்டியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு காலண்டரில் உள்ள கட்டங்களைப் பார்க்கலாம். பிறகு அடுத்த கண். நேரான கம்பி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கொஞ்சம் அழிந்தாற்போல் இருந்தாலோ, மாக்குலாவில் நீர் கோத்திருக்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் பார்வையைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் போனது திரும்புவது கடினம். மகன் லீவில் வரட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று இருக்காமல், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.